நார்மல் ஆயிருச்சே, இனி மாத்திரை எதுக்கு?

இந்த நோய்க்குத் தமிழில் இரண்டு பெயர்கள். பாடப் புத்தகத்தில் 'உயர் ரத்த அழுத்தம்'. வீட்டிலும் டீக்கடையிலும் 'ரத்தக் கொதிப்பு'. இந்த இரண்டாவது பெயரில்தான் கொஞ்சம் சிக்கல். கொதிப்பு என்றதும் கோபம், சூடு, படபடப்பு இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. "எனக்கெல்லாம் பி.பி. வராதுப்பா, நான் கோபமே படமாட்டேன்" என்று சொல்லும் ஆசாமி எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்களும் பல பேர் இதே கணக்கில்தான் யோசிக்கிறார்கள். தலை பாரமாக இருந்தால் இன்றைக்குப் பி.பி. ஏறியிருக்கிறது, ஒன்று போட்டுக்கொள்ளலாம். தலை லேசாக இருந்தால் வேண்டாம். தலைவலிக்கு மாத்திரை போடுவது மாதிரி!

உண்மை என்னவென்றால், உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 170 இருப்பவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவார், சிரித்துப் பேசுவார், பேரனைத் தூக்கிக்கொண்டு நடப்பார். கையில் பட்டை கட்டிக் கருவியில் பார்த்தால்தான் தெரியும். மேலே இருக்கும் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம். கீழே இருக்கும் எண், இதயம் தளரும்போது இருக்கும் அழுத்தம். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேலேயே இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று நம் நாட்டில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் அப்பா, அம்மா வயதில் இன்னும் அதிகம். ஆக, இதைப் படிக்கும் பலருடைய வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயோ சாமி அலமாரியிலோ ஒரு பிரஷர் மாத்திரை அட்டை இருக்கும்.

அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

30 வாங்கினார், 19 மிச்சம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர். வயது 52. மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. அவருடைய அண்ணனுக்கு மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முப்பது வருடம் கடைக் கணக்கு எழுதிய கை. இப்போது இடது கையால் கையெழுத்து போடப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அண்ணனுக்கு இப்படி ஆன பயத்தில்தான் தம்பியும் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். 164/100 இருந்தது. டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினமும் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் பிரஷர் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்தி, குழாயை விரித்துவிடும். இரண்டு மாதத்தில் 126/80க்கு வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்த மாதம் 26ம் தேதி காலையில் மகள் எதையோ தேடும்போது மாத்திரை டப்பா கையில் பட்டது. 1ம் தேதி மூன்று அட்டை வாங்கி வந்தது அவள்தான். அட்டைக்கு 10, மொத்தம் 30. பழைய இருப்பு ஒன்றும் இல்லை. தினமும் ஒன்று என்றால் 25 போயிருக்க வேண்டும், 5 இருக்க வேண்டும். எண்ணினால் 19 இருக்கிறது!

தொடக்கச் சரக்கிருப்பு, கூட்டல் கொள்முதல், கழித்தல் இறுதிச் சரக்கிருப்பு. முதல் வருடத்தில் போட்ட அதே கணக்கு. செலவானது 11 மாத்திரை. 14 நாள் மாத்திரை போடவே இல்லை.

அப்பாவிடம் கேட்டதற்கு அவர் மறைக்கவெல்லாம் இல்லை.

"கண்ணு, போன மாசம் டாக்டரே நார்மல்னு சொன்னாரில்ல? நார்மல் ஆயிருச்சே, இனி மாத்திரை எதுக்கு? தல பாரமா இருக்கற அன்னிக்கு ஒண்ணு போட்டுக்கறேன்."

"மாத்திரை போட்டதாலதானப்பா நார்மல் ஆச்சு?"

அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த கருவியை வாங்கி வந்து பார்த்தார்கள். 168/102. அன்றைக்கு அவருக்குத் தலை பாரமே இல்லை.

தராசு முள்

இதில் அந்த அப்பாவை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் வந்தால் மாத்திரை, காய்ச்சல் போனால் நிறுத்தம் என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். பிரஷர் மாத்திரை அப்படி வேலை செய்வதில்லை. அது நோயை வேரோடு எடுக்காது, தினமும் பிடித்து நிறுத்தி வைக்கும்.

மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் சரக்கு, இன்னொரு தட்டில் எடைக்கல். முள் நடுவில் நிற்கிறது. "முள்தான் நடுவில் நிற்கிறதே, கல் எதற்கு?" என்று கல்லை எடுத்தால் என்ன ஆகும்? 126/80 என்பது கல்லோடு சேர்த்து வந்த எண்.

இன்னொரு ஏமாற்று வேலையும் இதில் நடக்கிறது. அம்லோடிபின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கே எகிறாது. முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஆகாது. "பார்த்தியா, விட்டும் ஒண்ணும் ஆகல" என்று தைரியம் வரும். அதற்குள் அழுத்தம் மெதுவாகப் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும், சத்தமே இல்லாமல்.

எல்லா மாத்திரையும் இப்படி மெதுவாக விடாது. அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகையையும் குளோனிடின் என்ற மருந்தையும் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் முன்பை விட மேலே பாயலாம். பீட்டா பிளாக்கரை நிறுத்தினால், ஏற்கெனவே இதயக் குழாய் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சு வலியோ மாரடைப்போ வரலாம். இவற்றை நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

டாக்டர்களே சந்தேகப்பட்ட காலம்

'நன்றாக இருப்பவனுக்குத் தினமும் எதற்கு மாத்திரை?' என்ற கேள்வியை ஒரு காலத்தில் டாக்டர்களே கேட்டார்கள். வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைக் குறைத்தால்தான் கெடுதல் என்று நினைத்தவர்களும் உண்டு.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கதை இதற்குப் பெரிய உதாரணம். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இதய டாக்டர் அவரைப் பரிசோதித்தபோது 186/108. உப்பைக் குறைத்தார்கள், சிகரெட்டைக் குறைத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரைகள் எதுவும் அன்று கிடையாது. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த வல்லரசின் தலைவருக்கே கிடையாது! 1945 ஏப்ரல் 12ம் தேதி, ஓர் ஓவியர் அவரை வரைந்துகொண்டிருக்கும்போது தலையில் பயங்கர வலி என்றார். அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக் கசிவு. அன்று மதியமே இறந்துவிட்டார். வயது 63.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது 1967ல் வந்த ஓர் ஆய்வு. எட்வர்ட் ஃப்ரைஸ் என்பவர் தலைமையில், அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்தது. கீழ் எண் 115க்கும் 129க்கும் நடுவில் இருந்த 143 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாக இரண்டு வருடம் கூட ஆகவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு. உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே.

அந்த ஆய்வில் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். நம் ஊர்ச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சர்ப்பகந்தாவைப் பற்றி எழுதிய பிறகுதான் மேல்நாட்டு டாக்டர்கள் அதைக் கவனிக்கவே ஆரம்பித்தார்கள்.

இதில் இன்னொரு விஷயம் ரொம்ப சுவாரஸ்யமானது. ஆய்வில் சேர்ப்பதற்கு முன்பே ஃப்ரைஸ் குழுவினர் ஒரு சோதனை வைத்தார்கள். ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் கலந்த மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார்கள். அது சிறுநீரில் கலந்திருந்தால் புற ஊதா விளக்கில் ஒளிரும். ஒளிரவில்லை என்றால் மாத்திரை போடவில்லை! கூடவே மிச்ச மாத்திரைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆக, இந்த 27க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் ஒழுங்காக விழுங்கப்பட்ட மாத்திரைகள் காட்டியது. டப்பாவில் கிடக்கும் மாத்திரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நிறுத்தியதற்கு இன்னொரு காரணம்

பொள்ளாச்சி அப்பாவை மகள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் திட்டவில்லை. "எத்தன நாள் விட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, குனிந்து அவர் காலைப் பார்த்தார். "செருப்பு இறுக்கமா இருக்குதுங்களா?"

இருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு வந்த ஒருவர் "இந்த மாத்திரை தொடர்ந்து போட்டா கிட்னி போயிரும்" என்று சொல்லியிருக்கிறார். கால் வீக்கத்தைப் பார்த்ததும் கிட்னிதான் போகிறது என்று நினைத்துக்கொண்டார். 'நார்மல் ஆயிருச்சே' என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்தது இந்தப் பயம்.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு. குழாய் விரிவதால் கால் பக்கம் நீர் தங்குகிறது, கிட்னி கெட்டுப்போனதால் அல்ல. (வேறு காரணங்களாலும் கால் வீங்கும் என்பதால் டாக்டர் பார்த்துச் சொல்வதுதான் சரி.) கிட்னியை மெல்ல மெல்லக் கெடுப்பது கட்டுப்பாட்டில் இல்லாத அழுத்தம்தான். டாக்டர் அம்லோடிபினைப் பாதியாகக் குறைத்து, டெல்மிசார்டன் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தார். இரண்டு வாரம் கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. முட்டி வலிக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். டெல்மிசார்டன் வகை மருந்தோடு சேர்ந்தால் கிட்னிக்கும் சிரமம். டாக்டர் அதை நிறுத்தி வேறு வழி சொன்னார்.

ஒரு மாதம் கழித்து 130/82. கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்துபவர் எல்லோருக்கும் சொல்லாத காரணம் ஒன்று இருக்கலாம். கால் வீக்கம், வறட்டு இருமல், தலைசுற்றல், காசு, தாம்பத்தியச் சிக்கல்... சொன்னால் டாக்டரால் மருந்தை மாற்ற முடியும். மாற்று மருந்துகள் பல இருக்கின்றன. சொல்லாமல் நிறுத்தினால் எதுவும் செய்ய முடியாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கீழே உள்ளவை பொதுவான விஷயங்கள். அவரவர் மருந்தையும் அளவையும் அவரவர் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. தினமும் ஒரே நேரம். காலையா, இரவா என்று குழம்ப வேண்டாம். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2022ல் வெளியிட்ட 'டைம்' ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. டாக்டர் குறிப்பிட்ட நேரம் சொல்லியிருந்தால் அது. இல்லையென்றால் மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

2. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். அழுத்தம் ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

3. மாத்திரையின் பெயரை முழுதாகப் படிக்க வேண்டும். வியாபாரப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்து மாறினாலே உள்ளே இன்னொரு மருந்து கூடியிருக்கலாம். மருந்துக் கடையில் வேறு கம்பெனி அட்டை கொடுத்தால், உள்ளே இருக்கும் மருந்தும் மில்லிகிராமும் பழைய அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

4. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான். ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், ஒருவருக்கு கிட்னிப் பிரச்சினை இருக்கலாம். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற வகைகள் கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது, குழந்தையைப் பாதிக்கும்.

5. 'பி.பி.க்கு நல்லது' என்று விற்கும் சோடியம் குறைந்த உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னிப் பிரச்சினை இருப்பவர்களும், மேலே சொன்ன வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. சாதா உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்த 5 கிராமில் அடக்கம்!

6. உட்கார்ந்து அல்லது படுத்து எழுந்திருக்கும்போது மெதுவாக. புது மருந்து ஆரம்பித்த நாட்களில் தலை சுற்றலாம்.

7. அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

8. 180/120க்கு மேல் வந்துவிட்டால் பதறிப்போய்க் கூடுதல் மாத்திரை போடக் கூடாது. முன்பெல்லாம் நிஃபெடிபின் குப்பியை நாக்குக்கு அடியில் பிழிந்துவிடுவார்கள். அழுத்தம் சடாரென்று விழுந்து சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததால், 1996லேயே மருத்துவ இதழ்களில் இதைக் கைவிடச் சொல்லி எழுதிவிட்டார்கள். எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் உட்கார்ந்து, சில நிமிடம் கழித்து மறுபடி அளந்து, அதே எண் வந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் வலுவிழப்பு, கடும் தலைவலி இதில் ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம். உடனே 108.

வாழ்நாள் முழுக்கவா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோருக்கு ஆமாம். சிலருக்கு எடை குறைந்து, உப்பு குறைந்து, நடை கூடி, குடி நின்றபின் டாக்டரே அளவைக் குறைப்பார். அபூர்வமாக நிறுத்தியும் பார்ப்பார். அப்போதும் வாராவாரம் அளந்து எழுதிக்கொண்டேதான் நிறுத்துவார். அவராகக் குறைப்பதும் நாமாக விடுவதும் ஒன்றில்லை.

காசுதான் தடை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த மாத்திரைகள் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகிறதா என்பதை மட்டும் வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

நம்மில் பல பேர் ஹாஸ்டலில் இருக்கிறோம். போனில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன் போட்டேன்" என்றுதான் பதில் வரும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த டப்பாவைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வாங்கிய தேதி, வாங்கிய எண்ணிக்கை, மிச்சம். கணக்கு சரியாக இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். இடித்தால் சண்டை போட வேண்டாம். "ஏன் விட்டீங்க, என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் மிச்ச அட்டையையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு டாக்டரிடம் போங்கள்.